பழைய கடையை இடிக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது வந்தால்: டர்பனில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் வேலைகளில் தள மேற்பார்வையாளராக இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். தொல்லியல் படித்தவன் இல்லை. ஆனால் தொல்லியல் ஆட்களோடு ஒரே குழிக்குள் இறங்கி வேலை பார்த்திருக்கிறேன். கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பலர், நம்மவர்களின் பழைய கடைத்தெருவான கிரே ஸ்ட்ரீட் பக்கம் தாத்தா வாங்கிய கடையைப் புதுப்பிக்கப் போகிறவர்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"தொல்லியல்னா கீழடி மாதிரி ரெண்டாயிரம் வருஷத்துப் பொருள்தானே? டர்பன்ல என்ன இருக்கப் போகுது?"

இந்த நாட்டுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1999 ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமை வளச் சட்டப்படி, மனிதர் செய்கையால் உண்டாகி, புழக்கம் நின்று, நிலத்தின் மேலோ உள்ளேயோ கிடக்கும் 100 வருடத்துக்கு மேற்பட்ட எதுவும் தொல்பொருள்தான். அந்த 100 வருடக் கோடு ஒவ்வொரு வருடமும் நகர்கிறது. உங்கள் பூட்டனார் தூக்கிப் போட்ட தட்டு இன்றைக்குத் தொல்பொருள் ஆகியிருக்கலாம்.

நம் விஷயத்தில் இது சாதாரணச் செய்தி இல்லை. 1860 நவம்பர் 16 அன்று, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 342 பேரோடு இங்கே வந்தது. 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். கப்பல் பதிவேட்டில் என்ன இருக்கிறது? எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஓடிப்போனால் பிடிப்பதற்கு வேண்டியதை எழுதிக்கொண்டார்கள். அந்த மனிதர் எதில் கஞ்சி குடித்தார், குழந்தைக்கு என்ன வளையல் போட்டார், காய்ச்சல் வந்தால் என்ன மருந்து வாங்கினார் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பதில் எங்காவது இருந்தால் அது மண்ணுக்குள்தான் இருக்கிறது.

"கடைக்கு அடியில என்னதான் கிடைக்கும்? தங்கமா?"

தங்கம் வந்து நான் பார்த்ததில்லை. வருவது குப்பை. நகராட்சி வண்டி வராத காலத்தில் வீட்டுக் குப்பை கொல்லைப்புறத்துக் குழிக்குத்தான் போகும். அடுப்புச் சாம்பல், ஆட்டெலும்பு, மீன் முள், சிப்பி, உடைந்த பீங்கான், மருந்துக் குப்பி, களிமண் சுங்கான், பொத்தான், சில்லறைக் காசு. அப்புறம் கட்டடத்தின் பாகங்கள்: பழைய கிணறு, செங்கல் வடிகால், முந்தைய வீட்டின் அடித்தளம்.

இவற்றில் வயதைச் சொல்லிக் கொடுக்கும் பொருள்கள் உண்டு. கோலி சோடா பாட்டில் நமக்கெல்லாம் தெரியும். கழுத்தில் கோலியை வைத்து மூடும் அந்த முறைக்கு ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில்தான் காப்புரிமை வாங்கினார். ஆகவே அப்படி ஒரு பாட்டில் கிடக்கும் அடுக்கு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. சாதாரண பாட்டிலில் அச்சின் தையல் கோடு வாய் விளிம்பு வரை ஏறியிருந்தால் அது இயந்திரத்தில் செய்தது, 1903க்குப் பிந்தியது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். பீங்கானின் அடியில் இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு வந்தது. அமெரிக்காவில் இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அப்போது வந்த சட்டம்தான் காரணம். எங்கேயோ போட்ட சட்டம், டர்பனில் ஒரு குழியின் வயதைச் சொல்கிறது.

இன்னொரு விஷயம் நம் ஊர் மண். கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்தில் ஒரு காலத்தில் சதுப்பு நிலம் இருந்தது. அதை வடித்து, நிரப்பி, மேலே கட்டினார்கள். அதனால் சில இடங்களில் அடியில் ஈரம் இன்னும் இருக்கிறது. ஈர மண்ணில் காற்று புகாது. வேறு இடத்தில் மக்கிப் போகும் தோலும் மரமும் துணியும் இதில் தப்பிப் பிழைக்கும்.

"உடைஞ்ச பீங்கானை எடுத்துக் கழுவி ஷோகேஸ்ல வெச்சா போதாதா? எதுக்கு இவ்வளவு பாடு?"

கழுவி வைத்தால் அது அழகான ஓர் ஓடு, அவ்வளவுதான். கிடந்த இடத்திலேயே இருந்தால் அது ஒரு சாட்சி. மேல் அடுக்கில் கிடந்ததா, கீழ் அடுக்கில் கிடந்ததா, பக்கத்தில் என்ன இருந்தது, சாம்பலோடு இருந்ததா, மணலோடு இருந்ததா என்பவை சேர்ந்துதான் கதை. முன்சொன்ன கோலி சோடா பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே கிடந்த வளையல் துண்டு அதற்கு முந்திக் குழிக்குள் விழுந்தது என்று சொல்ல முடியும். இரண்டையும் எடுத்து ஒரே வாளியில் போட்டுவிட்டால் எது முந்தி என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது.

இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய கடைக்குப் பின்னால் அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்தோம். மண் தோண்டும் டிஎல்பி வண்டியின் வாளி ஒரு கறுப்புக் குழியைக் கிழித்தது. சாம்பல், நீலப் பீங்கான், ஒரு சின்னக் குழந்தையின் தோல் செருப்பு, நசுங்கிய பித்தளை லோட்டா ஒன்று. லோட்டாவின் கழுத்தில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவார்களே, அதே மாதிரி. மண் அப்பியிருந்தது; 'மு' என்ற ஓர் எழுத்தைத்தான் படிக்க முடிந்தது. நிறுத்தலாமா என்று கேட்டேன். கான்ட்ராக்டர் வேண்டாம் என்றார். மதியத்துக்குள் எல்லாம் லாரியில் ஏறிக் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது. லோட்டாவையாவது கையில் எடுத்து வைத்திருக்கலாம் என்று ரொம்ப நாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அன்று வண்டியை நிறுத்தி ஒரு போன் செய்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

"சரி, வேலை நடக்கும்போது ஏதோ வந்துடுச்சு. முதல் அரை மணி நேரத்துல என்ன செய்யணும்?"

அந்த இடத்தில் மட்டும் தோண்டுவதை நிறுத்துங்கள். தளம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. சுற்றிக் கயிறு கட்டி, ஆட்களை நடக்கவிடாமல் பாருங்கள். எதையும் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ செங்கல்லையோ வைத்துப் போட்டோ எடுங்கள். கிட்டத்தில் ஒன்று, சுவரும் தெருவும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று. எத்தனை அடி ஆழம், எந்தச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்துவிட்ட பொருளை அந்த மண்ணோடேயே ஒரு பையில் போட்டு, பையின் மேல் இடத்தை எழுதுங்கள். கழுவக் கூடாது.

தோலோ மரமோ ஈரமாக வந்தால் காய விடாதீர்கள். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் சுருங்கி வெடித்துவிடும். ஈரத் துணி சுற்றி பிளாஸ்டிக்கில் மூடி நிழலில் வையுங்கள். நம் ஆட்கள் நல்ல எண்ணத்தில் "காய வைத்தேன்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

பிறகு தகவல் சொல்லுங்கள். க்வாசூலு-நட்டாலில் மாகாண மரபுரிமை அமைப்பான அமாஃபாவிடம் சொல்ல வேண்டும். ஜூலு மொழியில் அமாஃபா என்றால் பரம்பரைச் சொத்து. அவர்களை உடனே பிடிக்க முடியவில்லை என்றால் அருகிலுள்ள நகராட்சி அலுவலகத்திலோ அருங்காட்சியகத்திலோ சொன்னாலும் சட்டப்படி செல்லும். உரிய இடத்துக்கு உடனே தெரிவிப்பது அவர்கள் கடமை.

"சொன்னா கட்டடத்தையே நிறுத்திடுவாங்களாமே?"

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் வேலை பார்த்த இடங்களில் நடந்ததைச் சொல்கிறேன். நிபுணர் வந்து பார்ப்பார், போட்டோ எடுப்பார், சில நாள் கவனமாகத் தோண்டுவார், பொருளை எடுத்துக்கொண்டு போவார். மற்ற மூலையில் கொத்தனார் வேலை நடந்துகொண்டே இருக்கும். உரிமையாளரோடு கலந்து பேசிவிட்டு, குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டும் வேலை செய்யக் கூடாது என்று அறிவிப்புத் தரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பெரிய சிக்கல் வருவது மறைக்கும்போது. அனுமதி இல்லாமல் தொல்லியல் இடத்தைக் கலைக்கிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் வேலையை நிறுத்தும் ஆணையை அதிகாரிகள் தரலாம். ஆணை கிடைத்து இரண்டு வாரத்துக்குள் நீங்கள் அனுமதிக்கு விண்ணப்பிக்காவிட்டால் ஆய்வுச் செலவையும் உங்களிடமே வசூலிக்கலாம். இது குற்றமும்கூட.

கேப்டவுனில் 1975 இல் கோல்டன் ஏக்கர் என்ற பெரிய வணிக வளாகத்துக்குத் தோண்டும்போது, 1663 இல் டச்சுத் தளபதி வாகனார் காலத்தில் கப்பல்களுக்குத் தண்ணீர் பிடிக்கக் கட்டிய தொட்டி வெளிப்பட்டது. வளாகமும் எழுந்தது, தொட்டியின் மிச்சமும் அதற்குள்ளேயே பாதுகாக்கப்பட்டது. அதே ஊரில் துறைமுகப் பக்கம் 18 ஆம் நூற்றாண்டு பீரங்கி மேடையான ஷவோன் பேட்டரி ஒரு புதிய கட்டடத்துக்கு அடித்தளம் போடும்போது வெளிப்பட்டது. அந்தக் கட்டடத்தையும் கட்டி முடித்தார்கள்.

"இடிக்கிறதுக்கு முன்னாடியே கேக்கணுமா? என் சொந்தக் கட்டடம்தானே?"

60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் இடிக்கவும் மாற்றவும் மாகாண அமைப்பின் அனுமதி வேண்டும். சொந்தக் கட்டடம், வாடகைக் கட்டடம் என்ற பேதம் இல்லை. இது மண்ணுக்கு மேலே இருப்பதைப் பற்றியது. முன்னே சொன்ன 100 வருடக் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

5,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தின் தன்மையை மாற்றும் வேலை என்றால் ஆரம்பத்திலேயே தெரிவிக்க வேண்டும். மரபுரிமைத் தாக்க மதிப்பீடு, அதாவது அந்த வேலையால் பழைய சின்னங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்ற அறிக்கை, கேட்கலாம். சின்னக் கடைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது.

"செலவு யார் தலையில?"

அப்படிக் கேட்கப்படும் மதிப்பீட்டின் செலவு கட்டுகிறவருடையது. சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சின்ன வேலைகளுக்கு என் ஆலோசனை இது: பழைய தெருவில் வேலை என்றால் பட்ஜெட்டிலேயே சில நாள் தாமதத்துக்கும் ஒரு நிபுணரின் கூலிக்கும் ஒரு தொகையைத் தள்ளி வையுங்கள். வராவிட்டால் டைல்ஸுக்கு ஆகும்.

"என் நிலத்துல கிடைச்சது என்னுதுதானே?"

இல்லை. தொல்பொருள் அரசின் உடைமை. விற்கவோ பரிசாகக் கொடுக்கவோ கூடாது. தொல்லியல் இடத்துக்கு மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோவதற்கே அனுமதி வேண்டும். வார இறுதியில் தம்பிமார் சிலர் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள்.

இதைச் சொன்னதும் ஓர் ஆயா பயந்துபோய், "அப்ப எங்க மாமியார் கொடுத்த குத்துவிளக்கையும் எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார். எடுக்க மாட்டார்கள். புழக்கம் நின்று நிலத்தில் கிடப்பதுதான் தொல்பொருள். தலைமுறை தலைமுறையாக வீட்டில் கைமாறி வந்த விளக்கும் அம்மியும் தாலியும் உங்களுடையவை.

"எலும்பு வந்தா என்ன செய்றது? யாருக்கும் தெரியாம பூஜை பண்ணி மூடிடலாமா?"

மூடாதீர்கள். அந்த நொடியே வேலையை நிறுத்துங்கள், போலீஸுக்கும் அமாஃபாவுக்கும் சொல்லுங்கள். சமீபத்திய மரணமா, பழைய புதைகுழியா என்று முதலில் தெரிய வேண்டும். நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் 60 வருடத்துக்கு மேற்பட்ட புதைகுழிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அவற்றோடு பரம்பரையாகத் தொடர்புள்ள மக்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கலந்து பேசாமல் தோண்டி மாற்ற முடியாது. கரும்புத் தோட்டங்களில் இறந்த நம்மவர்களை அங்கேயே புதைத்ததும் உண்டு. கல்கூட நடாத குழிகள் இருக்கும். அந்தத் தேடலில் கூப்பிடப்படும் மக்கள் நாமாகவே இருக்கலாம்.

இந்த நாட்டில் எல்லோரையும் உலுக்கியது கேப்டவுனின் ப்ரெஸ்ட்விச் தெரு. 2003 இல் கிரீன் பாயின்ட் பகுதியில் அடுக்குமாடிக்குத் தோண்டும்போது எலும்புகள் வந்தன. எண்ண எண்ண 2,500 பேருக்கு மேல் ஆனது. டச்சுக்காரர் காலம் முதல் பெயரில்லாமல் புதைக்கப்பட்ட அடிமைகள், ஏழைகள், கப்பல் ஆட்கள். ஆராய்ந்தால் அவர்கள் கதை தெரியவரும் என்றார்கள் அறிவியலாளர்கள். பல்லின் வேதியியல் ஒருவர் சிறுவயதில் எந்த நிலத்து உணவை உண்டார் என்று காட்டும் என்பது உண்மைதான். அங்கே பிறந்து வளர்ந்த மக்கள் அதை ஒப்பவில்லை. உயிரோடு இருந்தபோது சரக்காக நடத்தினீர்கள், இப்போது மாதிரிப் பொருளாக ஆக்காதீர்கள் என்பது அவர்கள் கோபத்தின் சாரம். கடைசியில் எலும்புகளை எடுத்துப் பெட்டிகளில் வைத்து, 2008 இல் திறந்த நினைவுக் கட்டடத்தில் சேர்த்தார்கள். அதே கட்டடத்தில் ஒரு காபிக் கடையும் வந்தது. அது தவறு என்றே நினைக்கிறேன்.

தமிழர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனிக்குக் கோட்டை இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளைக் கேப்புக்குக் கொண்டுபோனார்கள். பழைய ஆவணங்களில் 'ஃபான் கோரமண்டல்', அதாவது சோழமண்டலத்திலிருந்து வந்தவர், என்று ஊரைப் பெயராகச் சுமந்த அடிமைகள் இருக்கிறார்கள். ட்ரூரோ வருவதற்கு ஏறக்குறைய 200 வருடம் முந்தியே இந்த மண்ணில் நம் கரையின் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

பூஜை செய்யலாமா என்றால், செய்யுங்கள். அதிகாரிகள் வந்து பார்த்த பிறகு, அவர்களிடம் சொல்லிவிட்டு. விளக்கேற்றுவதைத் தடுத்த அதிகாரியை நான் பார்த்ததில்லை.

"கோயில் திருப்பணிக்கும் இதெல்லாம் பொருந்துமா? சாமிக்கு அடியில வெச்ச தகடு வந்தா?"

60 வருடம் தாண்டிய கோயில் என்றால் திருப்பணிக்கும் அனுமதி வேண்டும். கும்பாபிஷேகத் தேதியைக் குறித்துவிட்டு அனுமதிக்கு ஓடாதீர்கள். முதலில் விண்ணப்பம், அப்புறம் தேதி.

பீடத்துக்கு அடியில் வைத்த யந்திரத் தகடும் நவரத்தினமும் வழிபாட்டில் இருக்கும் பொருள்கள். புழக்கம் நின்றவை என்று அவற்றைச் சொல்ல முடியாது என்பது என் புரிதல். ஆனாலும் விண்ணப்பத்திலேயே அதை எழுதி, எடுத்துத் திரும்ப வைப்போம் என்று சொல்லிவிடுவது நல்லது. கோயில் வளாகத்தில் பழைய சமையல்கட்டு, கிணறு, முந்தைய தகரக் கொட்டகையின் கால்குழி வந்தால் அது வேறு. அதற்கு முன்சொன்ன அரை மணி நேர வழிதான்.

"கிடைச்சது நம்ம ஆளுங்களோடதுன்னு எப்படித் தெரியும்?"

பல சமயம் தெரியாது. ஒரே தெருவில் தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், பீகார்க்காரர் இருந்தார்கள். ஜூலு ஆட்கள் வேலை பார்த்தார்கள். எல்லோரும் ஒரே கடையில் ஒரே இங்கிலாந்துப் பீங்கானை வாங்கினார்கள். லோட்டா வந்தால் தமிழர் வீடு என்று சொல்லிவிட முடியாது. பெயர் வெட்டியிருந்தால்தான் ஏதாவது சொல்லலாம். வரிவிதிப்புப் பதிவேடு, பழைய நகர வரைபடம், குடியிருந்தவர் பெயர்ப் பட்டியல் இவற்றோடு ஒப்பிட்டுத்தான் நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள். நமக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்று அவசரப்பட்டுப் பெயர் சூட்டக் கூடாது. அந்தக் குழி அவர்கள் எல்லோருக்கும் சொந்தம்.

"எடுத்துட்டுப் போனது எங்க போகும்? நாம பாக்க முடியுமா?"

பாதுகாக்க வசதியுள்ள அருங்காட்சியகத்துக்குப் போகும். நம் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள க்வாசூலு-நட்டால் அருங்காட்சியகத்தில் தொல்லியல் பிரிவு இருக்கிறது. பெரும்பகுதி பெட்டிக்குள்தான் இருக்கும், கண்ணாடிக்குள் வருவது கொஞ்சம். ஆனால் எழுதிக் கேட்டால் பார்க்கலாம். எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை இப்படி அழைத்துப் போனோம். ஒரு கண்ணாடி வளையல் துண்டை வைத்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். சங்கங்கள் கண்காட்சி வைக்கும்போது இரவலாகத் தருவார்களா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

"அண்ணா, நீங்க சொன்ன அந்த லோட்டா கிடைச்ச இடத்துல இப்ப என்ன இருக்கு?"

கார் நிறுத்துமிடம். குழியின் பெரும்பகுதி அன்றே போய்விட்டது. ஆனால் பக்கத்து மனையின் சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு நாங்கள் தோண்டவில்லை. சுவர் சாய்ந்துவிடும் என்று விட்டுவைத்தோம். கறுப்பு மண் அந்தப் பக்கமாக உள்ளே போவதை என் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தை நினைவிலிருந்து அளந்து, மனை எண்ணோடு வரைபடத்தில் குறித்து, அமாஃபாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து மனையை யாராவது இடிக்க விண்ணப்பித்தால் அந்தத் தாள் கோப்பில் இருக்கும்.